சிவப்பாகவே விட்ட பாசி

மோஷி மலையடி ஊர்க்காரி. அவள் அப்பா கரும்பு ஆலையில் குதிரை ஓட்டியவர். அம்மா வழியில் மூன்று தாய்மாமன்கள், மூன்று பேருமே அமெரிக்கக்காரனோடு நடந்த பெரிய சண்டைக்கு முன்னால் பெரு தேசத்துக்குக் கப்பலேறிப் போய் அங்கேயே பெண் கட்டி அங்கேயே மண்ணானவர்கள். கடல் என்றால் அவளுக்கு மாமன்மார் போன வழி, அவ்வளவுதான். கீழ்க்கரை வீட்டு சன்ராவுக்கு வாக்கப்பட்டு எங்கள் கரைக்கு வந்தபோது, தண்ணீர் வற்றினால் பவளத்திட்டில் எங்கே கால் வைக்கலாம் என்பதுகூட அவளுக்குத் தெரியாது.

வந்த வருஷமே மூன்றாம் மாதம் மூன்றாம் நாள் வந்தது. பெண்கள் கடலிறங்கும் நாள். ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் உப்புத் தண்ணீரில் கால் நனைத்து, பீடை கழித்து, வரும்போது பாசியும் சிப்பியும் அள்ளிக்கொண்டு வருவார்கள். எல்லோரும் சிவப்பாகப் பறித்தார்களா, மோஷியும் சிவப்பாகப் பறித்தாள். கூடை நிறைய. கரையில் கொட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் தின்ன உதவாத முள்பாசி.

பக்கத்து வீட்டு மாஜிருவுக்குக் கேட்கவா வேண்டும். "வேலி அடைக்கவாட்டி பறிச்சே?" என்றாள். அன்றைக்குக் கரை முழுக்கச் சிரித்தது. மோஷியும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு பின்னால் அவளுக்கு எதிரே வந்து நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

நிறத்தை நம்பியதுதான் அவள் செய்த தப்பு. நாங்கள் தின்கிற சூனாப் பாசி சிவப்புதான். ஆனால் வெயிலில் கிடந்தால் மஞ்சளாய் வெளுக்கும், பாறை நிழலில் வளர்ந்தால் ஈரல் போலக் கறுக்கும். முள்பாசியும் அப்படியே, மோயிப் பாசியும் அப்படியே. ஒரே பொந்தில் மூன்றும் கட்டிப் புரண்டு கிடக்கும். மோஷி மறு வருஷம் கண்ணை விட்டுவிட்டு விரலைப் பிடித்துக்கொண்டாள். சூனாவின் கிளை தண்டிலிருந்து பிரியும் இடத்தில் நூல் போட்டுக் கட்டினாற்போல் இடுங்கியிருக்கும். ஒடித்தால் பிஞ்சு அவரைக்காய் மாதிரி சட்டென்று ஒடியும். முள்பாசி விரலை நறநறவென்று இழுக்கும். மோயியின் நுனி கொக்கி கொக்கியாய் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கையோடு வராது. இதெல்லாம் யாரும் உட்கார வைத்துச் சொன்னதில்லை. சிரிப்புக்குப் பயந்து அவளாகவே தடவித் தடவிக் கற்றது. கடைசிச் சோதனை வீட்டில்: கொதிக்கிற தண்ணீரில் சூனாவைப் போட்டால் சிவப்பு ஓடிப்போய் பச்சைப் பசேலென்று ஆகும். பிறகு பச்சைத் தண்ணீரில் அலசி, காடியும் மிசோ என்கிற சோயா விழுதும் விட்டுப் பிசைவாள். சன்ரா அதை அள்ளி அள்ளித் தின்பான். முன்பல் இரண்டுக்கும் நடுவே அவனுக்கு ஒரு சந்து உண்டு. அதில் பாசி மாட்டிக்கொள்ளும். நாக்கால் நெம்பிக்கொண்டே பேசுவான்.

பிள்ளை பிறக்கவில்லை. அதைப் பற்றி அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதும் இல்லை.

இனி உமித்தோவைச் சொல்ல வேண்டும். சன்ராவின் அக்கா. சண்டையில் அப்பனும் ஆத்தாளும் போன பிறகு, தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு குண்டுக்கு நடுவே தெற்கே நடந்து, மறுபடி வடக்கே நடந்து அவனை உயிரோடு கொண்டுவந்து சேர்த்தவள் அவள்தான். அப்போது அவளே சின்னப் பெண். அதற்குப் பிறகுதான் வளைகுடாவுக்கு அக்கரையில் தச்சுவேலை செய்கிறவனைக் கட்டிக்கொண்டாள். அந்தத் தச்சனின் தங்கையைத்தான் மாஜிருவின் கொழுந்தன் கட்டியிருக்கிறான். கடலிறங்கும் நாளுக்கு உமித்தோ வருஷா வருஷம் பிறந்த வீட்டுக்கு வந்துவிடுவாள். வந்தால் வீடு அவளுடையது. மோஷி அதற்கு முகம் சுளித்ததில்லை.

அந்த வருஷமும் வந்தாள். அமெரிக்கக்காரன் இன்னும் எங்கள் தீவை விட்டுப் போகாத காலம். சன்ரா காலையிலேயே திட்டுக்கு வெளியே போய் ஒரு கிளிமீனைக் குத்திக் கொண்டுவந்து, பச்சையாகவே சீவி வைத்திருந்தான். மோஷி பறித்து வந்த சூனா கூடையில் பளபளவென்று கிடந்தது. அந்த வருஷத்துச் சிவப்பு மாதிரி அவள் பார்த்ததில்லை. அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அள்ளிப் போடப் போனாள்.

"போடாதட்டி," என்றாள் உமித்தோ. "போட்டா பச்சையா போயிரும். நல்ல நாளும் அதுவுமா செவப்பாவே இருக்கட்டும். மீனுக்கு மேல வெச்சா எம்புட்டு அழகா இருக்கும்."

மோஷி பானையை இறக்கினாள். கொதித்த தண்ணீர் வீணாக வேண்டாமே என்று அதில் தேத்தண்ணீர் போட்டாள். மீனையும் பாசியையும் ஒன்றாய்க் கலந்து கிண்ணத்தில் வைத்தாள். சன்ரா முக்கால்வாசியைத் தின்றான். உமித்தோ இரண்டு வாய் தின்றாள். மோஷி பரிமாறி முடித்துவிட்டு வந்து பார்த்தபோது கிண்ணம் வழித்துக் கிடந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு உமித்தோ குமட்டினாள். அவளுக்கு வாந்தியோடு போயிற்று. சன்ராவுக்கு உடம்பு சில்லிட்டது, நாடி கைக்கு அகப்படவில்லை. டவுனுக்குக் கொண்டுபோக லாரி பிடிக்க ஆள் போனான். லாரி வந்தது. அதில் ஏற்றுவதற்குச் சன்ரா உயிரோடு இல்லை.

மோஷி அழவில்லை. இதைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் ஊர் முதலில் பிடித்துக்கொண்டது இதைத்தான். சவப்பெட்டியைக் கல்லறைக்குள் தள்ளி வாசலை அடைக்கிற மட்டும் அவள் கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை. நெஞ்சுக்குள்ளே யாரோ ஈரச்சாக்கை விரித்துப் போட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. சத்தமெல்லாம் சாக்குக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது.

எங்கள் பக்க வழக்கம் ஒன்று. கல்லறையில் வைத்த பெட்டியைச் சில வருஷம் கழித்துத் திறப்போம். எலும்பைப் பெண்கள் எடுத்துக் கழுவி, சாராயம் தெளித்து, பானையில் வைப்பார்கள். கால் எலும்பு அடியில், தலை எல்லாவற்றுக்கும் மேலே. தலையைக் கழுவுகிற பாத்தியதை கட்டினவளுக்கு. அதற்குப் பிறகுதான் செத்தவன் முன்னோரோடு சேர்ந்தவன், கழுவினவளும் அந்த வீட்டில் சேர்ந்தவள். கல்லறை வாசலில் நின்றே உமித்தோ சொல்லிவிட்டாள்.

"இவ முள்பாசிக்காரி. வந்த வருசமே ஊரே பாத்துச்சு. பரிமாறினா, ஒரு வாய் திங்கலை பாருங்க. இவ கை எந்தம்பி தலையில படக் கூடாது. கழுவுத அன்னைக்கும் படக் கூடாது."

முள்பாசியைத் தின்று செத்தவர் என்று எங்கள் கரையில் கேள்விப்பட்டதில்லை. தின்றவரும் இல்லை என்பது வேறு. அதனால் உமித்தோ சொன்னது நின்றுவிட்டது. சன்ராவின் பெரியப்பா கமிஜூ, அந்த வம்சத்தில் மிஞ்சின ஒரே ஆம்பளை, "அந்த நாள் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று மட்டும் சொன்னார்.

உமித்தோ சொன்ன அந்த ஒரு வார்த்தை, சிவப்பாவே இருக்கட்டும் என்றது, மோஷிக்கு மறந்துவிட்டதா? மறக்கவில்லை. ஆனால் பாசியை வெந்நீரில் போடாததுதான் காரணம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தான் பறித்தது சூனாதான் என்று மட்டும் தெரியும். ஒவ்வொரு கிளையும் விரலில் ஒடிந்தது தெரியும். அதை ஒருத்தரிடமும் சொல்லவில்லை. கேட்டால் சொல்லியிருப்பாளோ என்னவோ, யாரும் கேட்கவில்லை.

அப்புறம் அவள் கரும்பு வெட்டப் போனாள். பன்றி வளர்த்தாள். சீனிக்கிழங்கு நட்டாள். கடலுக்குப் போகவில்லை. கடலிறங்கும் நாளில் ஊர்ப் பெண்கள் சிரித்துக்கொண்டு போகிற சத்தம் மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்கும். அவள் பன்றிக்குக் கிழங்குத் தோல் அவித்துக்கொண்டிருப்பாள். அவள் கையால் கொடுத்த எதையும் யாரும் வாயில் வைப்பதில்லை. வாங்கிக்கொள்வார்கள், மரியாதைக்கு. பிறகு நாய்க்குப் போகும். மாஜிரு ஒருத்திதான் வந்து தேத்தண்ணீர் குடிப்பாள். "இதுல என்ன பாசி போட்டிருக்கே?" என்று கேட்டுவிட்டுத்தான் குடிப்பாள். அப்படிக் கேட்டவள் ஒருத்தி, குடித்தவளும் அந்த ஒருத்திதான்.

ஒருநாள் அந்த மாஜிருதான் பார்த்தாள். பேசிக்கொண்டே மோஷி பானையைச் சாய்க்க, கொதிதண்ணீர் அவள் பாதத்திலேயே கொட்டுகிறது. மோஷி காலை இழுக்கவில்லை. தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்கிறவள் போலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி, உன் காலுட்டி அது," என்றாள் மாஜிரு.

"ஆமா," என்றாள் மோஷி. பிறகுதான் காலை எடுத்தாள். தோல் வழன்று, ஆற நாளாயிற்று. நொந்ததா என்று மாஜிரு கேட்டதற்கு, நொந்திருக்கும் என்றாள்.

இப்படியே வருஷங்கள் போயின. எலும்பு கழுவ வேண்டிய வருஷம் வந்தது. ஏழாம் மாதம் ஏழாம் நாள் என்று கமிஜூ பெரியப்பா நாள் குறித்துவிட்டு, அக்கரைக்கும் ஆள் அனுப்பினார். அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊருக்குப் புதிதாக வந்திருந்த சுகாதார நர்ஸ், தோமி என்று பெயர், அமைதியான பிள்ளை, மோஷியைத் தேடி வந்தாள். தீவின் வேறொரு கரையில் இதே மாதிரி பாசி தின்று ஒருவர் போய்விட்டாராம். முன்னே எங்கேயாவது நடந்திருக்கிறதா என்று மேலிடத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். அன்றைக்குத் தின்றது எந்தப் பாசி என்று காட்ட முடியுமா என்று மோஷியைப் பணிவாகக் கேட்டாள்.

மோஷி முடியும் முடியாது என்று சொல்லுமுன் கமிஜூ பெரியப்பா முந்திக்கொண்டார். காட்டட்டும், ஊர் பார்க்கக் காட்டட்டும், உமித்தோவும் வரட்டும், பார்த்துவிட்டுத் தலை யாருக்கு என்று நான் சொல்கிறேன் என்றார்.

தண்ணீர் நன்றாக வற்றின ஒரு முன்பகலில் போனார்கள். பாதி ஊர் கூட வந்தது. மோஷி கடலில் கால் வைத்து எத்தனையோ வருஷம், ஆனால் கால் தானாகவே இடம் பார்த்து வைத்தது. உமித்தோ அவளைப் பறிக்கவிடவில்லை. தானே போய்க் குனிந்து குனிந்து பறித்தாள். மூன்று பிடி, மூன்றும் ஒரே பழுப்புச் சிவப்பு, பார்த்துப் பார்த்துப் பொறுக்கியது. முறத்தில் வைத்து மோஷி முன்னால் நீட்டினாள். "சொல்லு," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மோஷி முறத்தைப் பார்க்கக்கூட இல்லை. திட்டுக்கு வெளியே அலை உடைகிற வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே முதல் பிடியில் விரலை விட்டாள். "இது முள்பாசி," என்றாள். அடுத்ததைத் தொட்டாள். கொக்கி விரலில் மாட்டியது. "மோயி. காய்ச்சினா கட்டிப்படும்." மூன்றாவதில் ஒரு கிளையை எடுத்து, அது தண்டிலிருந்து பிரியும் இடுக்கில் நகத்தை வைத்து ஒடித்தாள். சட்டென்று ஒடிந்தது. "இது சூனா. இதைத்தான் அன்னைக்குக் கலந்தேன்."

சொன்ன குரலில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. அடுப்பில் எத்தனை விறகு இருக்கிறது என்று கேட்டதற்குப் பதில் சொன்ன மாதிரி இருந்தது.

"நீங்களே பொறுக்கிக் குடுத்ததைத்தான மைனி சொல்லுதா," என்று மாஜிரு உமித்தோவைப் பார்த்து நீட்டினாள். "இன்னும் வேணும்னா கண்ணைக் கட்டிவிடுவோமா?" நாலைந்து பேர் சிரித்தார்கள். உமித்தோ முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். கமிஜூ பெரியப்பா தொண்டையைச் செருமினார். அந்த நிமிஷம் தலை மோஷிக்கு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அப்போதுதான் தோமி நர்ஸ் கேட்டாள், அதை வெந்நீரில் போட்டீர்களா என்று. போடவில்லை என்றாள் மோஷி. பச்சை மீனோடு கலந்தீர்களா? கலந்தேன். நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். மற்ற கரையில் நடந்ததும் அப்படித்தானாம். இந்தப் பாசி வெந்நீரில் போட்டு எடுத்தால் ஒன்றும் செய்யாது. அவிக்காமல் பச்சை மீனோடு சேர்ந்தால் சில சமயம் நஞ்சாகிவிடும் என்று பெரிய டாக்டர்கள் சொல்கிறார்களாம். எல்லா நேரமும் ஆகாது, யாருக்கு ஆகும் என்றும் தெரியாது. யாரையும் குற்றம் சொல்ல இல்லை, இனிமேல் எல்லோரும் அவித்துத் தின்னுங்கள் என்று சொல்லத்தான் கேட்டேன் என்றாள்.

கமிஜூ பெரியப்பா நிதானமாகக் கேட்டார். "எப்பவும் வெந்நீர்ல போட்டு எடுப்பியேம்மா. அன்னைக்கு ஏன் போடலை?"

மோஷி உமித்தோவைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று பார்க்காமல் இருக்கவில்லை. அந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தோன்றவில்லை. அடுப்பிலிருந்து இறக்கின பானை ஞாபகம் வந்தது. அதில் போட்ட தேத்தண்ணீரின் நிறம்கூட ஞாபகம் வந்தது. அதை எடுத்து இத்தனை பேர் முன்னால் வைத்து, இன்னார் சொன்னார் என்று சொல்லி, அவள் இல்லை என்க, இவள் ஆம் என்க... அவ்வளவு தூரம் நடக்க அவளுக்குக் கால் இல்லை.

"போடலை பெரியப்பா," என்றாள்.

பாசி தெரியாமல் நடந்திருந்தால் வேறு, தெரிந்தவள் சோம்பலில் விட்டது வேறு என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். உமித்தோவே தலையைக் கழுவட்டும், மோஷி கால் எலும்பைக் கழுவட்டும் என்று சொல்லிவிட்டுக் கரையேறினார். உமித்தோ கேட்டதுதான் கிடைத்தது. ஆனால் அவள் முறத்தை எடுக்காமலே போனாள். தண்ணீர் ஏறி வந்தபோது அதை மாஜிருதான் எடுத்துக்கொண்டு வந்தாள்.

குறித்தபடி ஏழாம் மாதம் ஏழாம் நாள் கல்லறை வாசலைத் திறந்தார்கள். வெயில் ஆளை உரித்தது. செத்தவன் தலையில் வெயில் படக் கூடாதென்று மாஜிரு கறுப்புக் குடை பிடித்தாள். கிணற்றுத் தண்ணீரை இரண்டு பெரிய சட்டிகளில் வைத்திருந்தார்கள். மோஷி ஒன்றின் முன்னால் உட்கார்ந்தாள். பாத எலும்புகளை ஒவ்வொன்றாய் எடுத்துக் கழுவித் துடைத்து வெள்ளைத் துணியில் வைத்தாள். கை வேலை செய்தது. சுள்ளி பொறுக்குகிற மாதிரி இருந்தது. இது அவன் கால், இது திட்டில் நடந்த கால் என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

அடுத்த சட்டியின் முன்னால் உமித்தோ. மடியில் வெள்ளைத் துணி, துணியில் தம்பியின் தலை. அவள் கழுவத் தொடங்கவே இல்லை. மாஜிருவின் கை குடையோடு நோவெடுத்து, "மைனி, ஆகட்டும்," என்றாள். உமித்தோ அசையவில்லை.

"நாந்தான் சொன்னேன்," என்றாள். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. "இவ பானையை வெச்சுட்டா. தண்ணி கொதிச்சுக்கிட்டு கெடந்துச்சு. செவப்பாவே இருக்கட்டும்னு நாந்தான் சொன்னேன்."

கமிஜூ பெரியப்பா கல்லறைச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். உமித்தோ மோஷி பக்கம் திரும்பினாள்.

"தெரியுந்தானட்டி உனக்கு? கரையில வெச்சு ஏன் சொல்லலை?"

"நீங்களும் சொல்லலையே மைனி," என்றாள் மோஷி. குத்தலாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

உமித்தோ எழுந்து வந்தாள். மாஜிருவும் குடையோடு கூடவே நகர்ந்தாள். துணியோடு தலையை மோஷியின் மடியில் வைத்துவிட்டு, மோஷி விட்ட இடத்தில் கால் எலும்புகளுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். பெரியப்பாவிடம் யாரும் உத்தரவு கேட்கவில்லை. அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மோஷி குனிந்து பார்த்தாள். மேல்வரிசை முன்பல் இரண்டும் அப்படியே இருந்தன, நடுவே அந்தச் சந்து. அதில் செம்மண் அடைத்திருந்தது. சுண்டுவிரல் நகத்தால் நெம்பி எடுத்தாள். பிறகு சட்டியில் கையை விட்டு ஒரு கை தண்ணீர் அள்ளினாள்.

தண்ணீர் குளிர்ந்திருந்தது. அது அவளுக்குத் தெரிந்தது.

"குடையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்," என்றாள் மாஜிருவிடம். "அவுக தலையில வெயில் படுது."